திமிங்கலக் குட்டியும் அக்காவின் கழிப்பறையும்

ஒரே வாரத்தில் என் வேன் சீட்டுகளைப் பதினொரு முறை கழுவினேன். காரணம் ஒரு திமிங்கலம். அதுவும் நிஜத் திமிங்கலம் இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஒரு சீட்டையாவது கழுவிவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

நான் ஒரு மழலையர் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள், முப்பத்தெட்டு நிமிடம். ஒரு வாசலுக்கு ஒரு நிமிடம்தான் கணக்கு. அதற்குள் பிள்ளை வரவில்லையென்றால் ஹாரன் அடிப்பேன். இரண்டாவது முறை கொஞ்சம் நீளமாக அடிப்பேன். இதற்காகப் பல பெற்றோருக்கு என்னைப் பிடிக்காது. அவர்களைத் திருப்திப்படுத்த நான் என்ன வேனை நிறுத்திவிட்டுப் படுத்துத் தூங்கவா முடியும்?

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் அக்கா. அதே பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஆயாம்மா. என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் சுற்றி வளைக்கமாட்டாள். "பிள்ளைங்களைக் கக்கூஸ் போகப் பழக்குறேன்" என்று நேராகச் சொல்வாள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அப்படித்தான் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையைக் கழுவ எழுந்து போய்விடுவார். எனக்கு மானம் போகும். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் புருஷன், என் மாமா, தையல்காரர். அவர் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் அந்த வீட்டில் பேசுகிற உரிமை முழுவதும் அக்காவுக்குப் போய்விட்டது. பள்ளியில் அவள் முதலில் சேர்ந்தது தாழ்வாரம் பெருக்க. இரண்டாவது மாதம் ஒரு பையன் கழிப்பறையில் கூரை பறக்கிற மாதிரி அலறியிருக்கிறான். ஃப்ளஷ்ஷை அழுத்தியதும் அது உறுமிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, அடுத்து தன்னை விழுங்கும் என்று அவனுக்குப் பயம். அப்போதிருந்த ஆயா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய் அவன் முன்னால் உட்கார்ந்து, அது உன்னைத் தின்னாது, உன்கிட்ட இருந்து வந்தது ஊருக்குப் போகுது, டாட்டா சொல்லு என்றிருக்கிறாள். எந்த ஊருக்கு என்று அவன் கேட்டான். கடலுக்கு என்றாள். அக்கா அதுவரை கடலை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள். அதைவிடப் பெரிய ஊர் அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கு ஆரம்பித்தது. பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் ஃப்ளஷ்ஷை அழுத்திவிட்டுக் கையை ஆட்டி, "கடலுக்குப் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வரும். போயிட்டு வா என்று சொல்லாதே அக்கா, திரும்பி வந்து தொலைக்கப்போகிறது என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் கண்டுகொள்ளமாட்டாள். பெரியவர்கள் விளக்கெண்ணெய் கொடுத்தும் அதட்டியும் நடக்காத காரியம் அவளுக்கு ஒரு டாட்டாவில் நடந்தது.

இன்னொரு வித்தை அவளிடம் உண்டு. முகத்தைப் பார்த்தே ஒன்றா இரண்டா என்று சொல்லிவிடுவாள். கூரையைப் பார்த்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டால் ஒன்று. ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நின்று, உலகத்தையே மன்னித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தால் இரண்டு. பள்ளியின் நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்றுகூடத் தப்பாது. அவள் முதல் வருடங்களில் பழக்கிய பிள்ளைகள் இன்றைக்கு மீசை வைத்து ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் அக்கா என் காதில் ஒவ்வொருவருடைய பழைய கதையையும் சொல்வாள். அதன்பிறகு அவர்களை மரியாதையாகப் பார்க்கவே என்னால் முடிவதில்லை.

இந்த வருடம் அவளுக்குத் தண்ணி காட்டியவள் சுண்டெலி. நாலு வயது. வேனில் கடைசி சீட்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து முன்பல்லால் பையின் வாரைக் கடிப்பாள், அதனால் நான் வைத்த பெயர். அம்மா தபால் ஆபீசில் கவுண்டர் வேலை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். சுண்டெலியைப் பழக்க அக்காவுக்கு மூன்று மாதம் பிடித்தது. முதல்முறை தானாகப் போய் உட்கார்ந்து டாட்டா சொல்லிவிட்டு வந்த அன்று, வீடு வந்து சேரும்வரை அக்கா எனக்கு அதே கதையை நாலு தடவை சொன்னாள். நானும் நாலு தடவை சரி சரி என்றேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் படம் வந்தது.

கொண்டுவந்தது புது மிஸ். நல்ல பெண். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இருந்திருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். சுற்றுச்சூழல் வாரம், பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே விழிப்புணர்வு வரவேண்டும் என்று ஒரு கார்ட்டூன் படத்தைத் தேடி எடுத்திருந்தார். எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று அதில் போட்டிருந்தது. போட்டவன் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன். திங்கட்கிழமை புரொஜெக்டரை என் வேனில்தான் ஏற்றிவந்தோம். ஜன்னல் திரை கீழே விழுந்துகொண்டே இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உத்தியோகமும் எனக்கே வந்தது. அக்கா வழக்கம்போலக் கதவருகே, முகம் மாறுகிற பிள்ளைகளுக்காகக் காத்து நின்றாள்.

படம் அழகு. அதை மறைக்கக் கூடாது. நீலக் கடல், ஒரு திமிங்கலக் குட்டி, அதன் அம்மா. குட்டி குட்டிக்கரணம் போட்டதும் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பிறகு நகரம் வந்தது. வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கழிப்பறை. அதிலிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் கிளம்பி, அதற்கு விரல் முளைத்து, குழாய்க்குள் ஊர்ந்து கடலுக்குப் போனது. தாய்த் திமிங்கலம் இருமியது. மறுபடி இருமியது. கண்ணை மூடிக்கொண்டு கீழே கீழே போய்விட்டது. குட்டி நீந்தி வந்து, திரை முழுக்க முகத்தைக் காட்டி, நேராக நம்மைப் பார்த்து, "இதை யார் அனுப்பினது?" என்று கேட்டது.

பாட்டு நின்றுவிட்டது. சத்தமே இல்லை. பெரியவர்கள் யோசிக்கட்டும் என்று படம் எடுத்தவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்போல. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரியவர்கள் இல்லையே. யாருக்குத் தண்ணீர் வேண்டும், இன்று யார் பல் தேய்த்தது என்று கேட்டால் கை தூக்க வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள்.

சுண்டெலி கையைத் தூக்கினாள். பக்கத்துப் பையன் தூக்கினான். பிறகு வரிசை வரிசையாக நாற்பத்திரண்டு கைகளும் மேலே போயின. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்று நினைத்த புது மிஸ், "வெரிகுட், படம் முடிஞ்சதும் கேக்கலாம், கையை இறக்குங்க" என்றார். நான் திரையைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. தினமும் கையை ஆட்டி அதைக் கடலுக்கு வழியனுப்பி வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே.

அன்று மதியத்திலிருந்து கழிப்பறைப் பக்கம் ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. வற்புறுத்தி உட்காரவைத்தால் இறங்கி ஓடியது. அடக்கினார்கள். மூன்று மணிவரை அடக்கியவர்களால் வேன் குலுக்கலைத் தாங்க முடியவில்லை. பதினொரு சீட்டு அப்படித்தான் வந்தது. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலான பிள்ளைகள் திமிங்கலத்தை மறந்துவிட்டார்கள். மூத்திரப் பைக்குக் கொள்கை கோட்பாடு எதுவும் கிடையாது.

சுண்டெலி மறக்கவில்லை. ஒன்றுக்கு வந்தால் செடிகளுக்குப் பின்னால் போய் மண்ணில் இருந்துவிட்டு வந்தாள், மண் கடல் இல்லை என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். இரண்டுக்கு எங்கேயும் போக மறுத்தாள். திங்கள், செவ்வாய், புதன். பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. மருந்து கொடுத்தால் துப்பினாள். வியாழக்கிழமை காலை வேனில் ஏறும்போது குனிந்துகொண்டே ஏறினாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. அன்று மதியம் டாக்டர் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலைக்குள் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா அதை வேன் வாசலில் நின்று என்னிடம் சொன்னபோது நான் ஏதோ குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

வியாழன் சாயங்காலம் பிரின்சிபால் அம்மா பெற்றோர் கூட்டம் கூட்டினார். கடவுளே, அந்தக் கூட்டம். இரண்டு மணி நேரம். ஒரு அப்பா எழுந்து, அருமையான படம், என் மகன் இப்போது லைட்டை அணைக்கிறான் என்றார். ஒரு அம்மா, என் மகளும்தான் அணைக்கிறாள், நான் குளித்துக்கொண்டிருக்கும்போது என்றார். உண்மையைச் சின்ன வயதிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கட்சி, பிஞ்சு மனசு, பத்து வயதுக்குமேல் காட்டலாம் என்று இன்னொரு கட்சி. பத்தா எட்டா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம். கண்ணாடி போட்ட ஒருவர் நாங்கள் எல்லாம் என்னென்ன பார்த்து வளர்ந்தோம் என்று இருபது நிமிடம் பேசினார். புது மிஸ் அழுதுவிட்டார். சுண்டெலியின் அம்மா டாக்டர் சொன்னதைச் சொல்ல மூன்று முறை எழுந்து மூன்று முறையும் உட்கார்ந்தார். அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பற்றிப் பேசத்தான் கூட்டம் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

கடைசியில் பிரின்சிபால் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். படத்தில் தப்பில்லை, ஆயாம்மா பிள்ளைகளுக்குத் தவறான தகவல் கொடுத்திருக்கிறார், அதனால் வந்த குழப்பம் என்றார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. ஊருக்கு இளைத்தவள் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இனிமேல் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அங்கே நல்ல தண்ணீராக மாறிப் பூச்செடிக்குப் போகிறது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. கண்ணாடிக்காரர் கை தட்டினார்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அது நெஜமா மேடம்?"

அதெல்லாம் உங்களுக்கு எதற்கு, சொன்னதைச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை சுண்டெலி பள்ளிக்கு வரவில்லை. அன்று மூன்று மணிக்குப் பள்ளியின் செப்டிக் டேங்கைக் காலி செய்ய லாரி வந்தது. பத்தொன்பது வருடமாக மாதாமாதம் வருகிற லாரி. ஊரில் முக்கால்வாசி வீட்டுக்கும் அதேதான். அது எங்கே போகிறது என்று அக்காவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் குழாயைச் சுருட்டிவிட்டுக் கிளம்பினார். அக்கா வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த லாரி பின்னாலயே போடா" என்றாள்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. கழிவுநீர் லாரிக்குப் பின்னால் போவது என்றால் என்ன என்று வேன் ஓட்டியவனுக்குத்தான் தெரியும். ஏன் அக்கா, சுத்திகரிப்பு நிலையம் என்றுதான் சொல்லிவிட்டார்களே, கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். ஒரு தடவை பார்க்காமல் சொல்லித்தான் பிள்ளை படுத்துக் கிடக்கிறது, இரண்டாவது தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாள். அவளிடம் வாதாடுவதைவிட லாரிப் புகையைத் தின்பது மேல்.

கடைத்தெரு தாண்டினோம். வண்டிப் பட்டறைகள் தாண்டினோம். மேம்பாலத்தில் ஏறி இறங்கியதும் சுத்திகரிப்பு நிலையத்தின் கேட் தெரிந்தது. மதில் முழுக்கப் பூக்கள் வரைந்து வைத்திருந்தார்கள். சூரியகாந்திகூட இருந்தது. அப்பாடா என்று நான் பிரேக்கில் கால் வைத்தேன். லாரி திரும்பவில்லை. கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மண் பாதையில் இறங்கி, வாய்க்கால் கரையில் நின்றது. லாரிக்காரர் இறங்கிக் குழாயை இழுத்து வாய்க்காலுக்குள் விட்டார்.

அக்கா இறங்கிப் போனாள். நான் சண்டை வரும் என்று பயந்து பின்னாலேயே போனேன். லாரிக்காரருக்கும் அவளை வருடக்கணக்காகத் தெரியும். அவர் மறைக்கவில்லை.

"அங்க மோட்டார் கெட்டு ஆறு மாசம் ஆச்சுக்கா. கேட்டைப் பூட்டி வெச்சிருக்காங்க. நானும் எழுதிக் கொடுத்துட்டேன், சொல்லிப் பார்த்துட்டேன். இதை நான் என்ன தலையிலயா ஊத்திக்கிறது?"

அக்கா வாய்க்காலைப் பார்த்தாள். "இது எங்க போகுது?"

அவர் குழாயைக் காலால் மிதித்துப் பிடித்தார். பிறகு கையை நீட்டி வாய்க்கால் போகிற திசையைக் காட்டினார். "கடலுக்குத்தான்."

திரும்பி வரும் வழியில் இரண்டு பேருக்கும் வேனில் பெரிய சண்டை. ஆரம்பித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். விடிந்தால் குழாய் வைக்கப்போகிறார்கள். இந்த நேரத்தில் அரிச்சந்திரன் வேஷம் வேண்டாம். பூச்செடி என்று சொல், சூரியகாந்தி என்று சொல், பிள்ளை வயிறு காலியாகட்டும், பெரியவளான பிறகு உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும். யாருக்குத் தெரியப்போகிறது என்று கத்தினேன். படத்தின்மேல் எனக்கு வேறு கோபம். அந்தப் படம் பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். சொன்னது உண்மை. உண்மையைக் கொண்டுபோய், அதை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாத நாலு வயதுப் பிள்ளையின் மடியில் போட்டுவிட்டு லைட்டைப் போட்டுவிட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா நான் கத்தி முடிக்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அப்புறம், "அவ என்னை நம்பித்தாண்டா கை தூக்கினா" என்று மட்டும் சொன்னாள்.

சுண்டெலியின் வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் கழிப்பறை. பிள்ளை பாயில் முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் மருந்துப் பாட்டில், துப்பிய துணி. அம்மா லீவு போட்டிருந்தார், நாலு நாளாகத் தூங்காத முகம். பூச்செடிக் கதையை அவர் முந்தின நாள் ராத்திரியே சொல்லிப் பார்த்துவிட்டாராம். நீ பார்த்தியா அம்மா என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். இவர் இல்லை என்றிருக்கிறார். அதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலிக்காரி, உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். சுண்டெலி கண்ணைத் திறந்து பார்த்தாள். அதே கேள்விதான்.

"ஆயாம்மா, நீங்க பார்த்தீங்களா?"

"இப்பதான் பார்த்துட்டு வரேன்."

அப்பாடி, பூச்செடி வரப்போகிறது என்று நான் மூச்சை விட்டேன்.

"கடலுக்குத்தான் போகுது" என்றாள் அக்கா.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். போதும், நீங்க கிளம்புங்க என்று அவர் சொல்வதற்குள் அக்கா தொடர்ந்தாள்.

"ஆனா அனுப்பினது நீ இல்ல. நீ கையத் தூக்கினது தப்பு. எல்லாரும்தான் வெளிய போகணும். நான் போறேன், உங்க மிஸ் போறாங்க, இதோ நிக்கிறானே இவன் போறான். திமிங்கலமும் போகும்."

சுண்டெலி தலையைத் தூக்கினாள். "திமிங்கலமும் போகுமா?"

"பின்ன?"

"எங்க போகும்?"

"கடல்லதான். அதுக்கு வேற எங்க இடம்?"

படத்தில் இதைக் காட்டவில்லை. அக்கா அவள் காலைப் பிடித்து விட்டபடி சொன்னாள். அதைச் சுத்தம் பண்ணி அனுப்புவது பெரியவர்கள் வேலை. அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது, அது கெட்டுக் கிடக்கிறது, யாரும் சரி பண்ணவில்லை, கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இத்தனை வருடம் டாட்டா சொல்லச் சொன்ன ஆயாம்மாவும் போய்ப் பார்க்கவில்லை.

"உன் வேலைய நீ பாரு. அவங்ககிட்டப் போய் நான் சண்டை போடறேன்."

"எப்ப?"

"திங்கக்கிழமை. நாளைக்கு ஆபீஸ் பூட்டியிருக்கும்."

"சத்தமா போடுவீங்களா?"

"தெருவுக்கே கேக்கும்."

சுண்டெலி எங்கேயோ பார்த்தாள். அவள் முகத்தை அக்கா பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு" என்றாள். "என்னை எழுப்பி விடுடா, சீக்கிரம்."

கதவுக்கு வெளியே நானும் அந்த அம்மாவும் நின்றோம். உள்ளே பிள்ளை அழுதாள். நாலு நாள் கல்லாக இருந்தது, வலிக்காதா? அக்கா, ஆச்சு ஆச்சு, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அழுகை நின்றது. ஃப்ளஷ் சத்தம் கேட்டது. வழக்கமான டாட்டா கேட்கவில்லை. சுண்டெலி கழிப்பறைக்குள் குனிந்து யாருக்கோ தகவல் சொல்கிற குரலில் சொன்னாள்:

"கொஞ்சம் பொறுத்துக்கோ. ஆயாம்மா திங்கக்கிழமை போறாங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்த முட்டாள் நான்.

திங்கட்கிழமை அக்கா என்னை இழுத்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்றால் எத்தனையாவது மாடி என்று கேட்டாள். மாடிக்குப் போனால், உதிரி பாகம் வரவில்லை என்றார்கள். அவள் சண்டை போட்டாள். தெருவுக்குக் கேட்டதோ இல்லையோ, மூன்று மாடிக்கும் கேட்டது. எனக்கு வியர்த்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை சுண்டெலி கழிப்பறை வாசலில் நின்று, உள்ளே போவதற்கு முன்னால், "சண்டை போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன் என்றாள் அக்கா. பிள்ளை உள்ளே போனாள். புதன்கிழமையும் கேட்டாள். முந்தின நாள் அக்கா சண்டை போடவில்லை. அவளால் பொய் சொல்ல முடியாது. பிள்ளை வாசலிலேயே நின்றாள். அக்கா அங்கேயே போனை எடுத்து ஆபீசுக்கு அடித்து, பிள்ளை கேட்கும்படி ஐந்து நிமிடம் கத்திவிட்டு வைத்தாள். அதற்கப்புறம்தான் காரியம் நடந்தது.

அன்றிலிருந்து இதுதான் பிழைப்பு. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆபீஸ், இடைப்பட்ட நாளில் போன். பிரின்சிபால் அம்மாவுக்கு எரிச்சல், வெளியேயும் அனுப்ப முடியவில்லை. புது மிஸ் மனு எழுதிக் கொடுக்கிறார், கையெழுத்து நன்றாக இருக்கிறது. கூட்டத்தில் இருபது நிமிடம் பேசிய கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டோம், வேலை இருக்கிறது என்றார். மூன்றாவது வாரம் ஒரு ஆள் வந்து கேட்டைத் திறந்து மோட்டாரைப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போனான். அக்காவுக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை, குரலும் அடைத்துவிட்டது. போனில் காற்றாக வந்தது அவள் குரல். "இன்னிக்கு நீ போய்ட்டு வந்துடு" என்றாள். எனக்கு இதெல்லாம் வராது அக்கா, நான் வேன் ஓட்டுகிறவன், எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும் என்றேன். அதையே அங்கே போய் அடி என்று சொல்லி வைத்துவிட்டாள். போனேன். வேறு வழி? கவுண்டரில் நின்று முதலில் மெதுவாகத்தான் பேசினேன். உதிரி பாகம் என்று அந்த ஆள் ஆரம்பித்ததும் எனக்கு அந்தப் பலகை வயிறு ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. காவலாளி வந்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் காலை சைக்கிள் கடை வாசலில் வேனை நிறுத்தினேன். சுண்டெலி பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். படியில் கால் வைக்காமல் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். ஆயாம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நேத்து சண்டை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சத்தமாவா?"

"வெளிய தள்ளிட்டாங்க."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பையைக் கழற்றி வேன் படியில் வைத்துவிட்டுத் திரும்பி மாடிக்கு ஓடினாள். உள்ளே பத்தொன்பது பிள்ளைகள், இன்னும் இரண்டு வாசல் பாக்கி, ஏற்கெனவே நாலு நிமிடம் தாமதம். நான் எஞ்சினை அணைத்தேன். ஹாரன்மேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாடியில் ஃப்ளஷ் சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.